உன் தங்கையின் கைராசி

அன்புள்ள பெரியவனுக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இந்த வீட்டில் உன் தங்கை ஒருத்திதான் நன்றாக இல்லை, அதைப் போனில் சொல்ல வராமல்தான் காகிதம் எடுத்தேன்.

அவள் குடல் ஆபரேஷன் செய்த தையல்காரர் இறந்துபோனது உனக்குத் தெரியும். அதே மாதம் அவளுடைய சீனியர் கையிலும் ஒருவர் போனார். அந்தச் சீனியருக்கு, "பாவம், கேஸே அப்படி, அவர் என்ன பண்ணுவார்" என்றார்கள். இவளுக்கு மட்டும், "அந்தம்மாவுக்குக் கைராசி இல்ல" என்று ஆகிவிட்டது. கேஸ் அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள், வழியில் பார்த்தால் மட்டும் சிரித்த முகமாக நலம் விசாரிக்கிறார்கள். கெட்டவன் என்றால் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன், என் வாய் உனக்குத் தெரியும். நல்லவர்களிடம் போய் என்ன சண்டை போடுவது, சொல்.

நீயும் நல்லவன்தான் கண்ணு. உனக்கும் அதே தொழில்தானே, போன வருஷம் உன் ஆபரேஷன் மேஜையில் ஒரு உயிர் போனபோது உன் தங்கை கூப்பிட்டு முதலில் கேட்டது, "சாப்பிட்டியா அண்ணா" என்று. அவளுக்கு அப்படி ஆனபோது நீ முதலில் கேட்டது, "எந்த இடத்துல தப்பு பண்ணின" என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ வேண்டுமென்று கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டாய், அது தெரிந்துதான் பெற்ற வயிறு எரிகிறது.

அதையும் அவள் விழுங்கிக்கொண்டாள். பிறகு எதிர்வீட்டுக்காரர் பித்தப்பைக் கல்லுக்கு உன்னிடம் யோசனை கேட்டாராமே, நீ அந்தச் சீனியரிடம் போகச் சொன்னாயாமே. உங்கள் பிள்ளை தங்கமான யோசனை சொன்னான் என்று நம் கூடத்தில் உட்கார்ந்து சொல்கிறார், இவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். பித்தப்பை ஆபரேஷனில் என் தங்கையை மிஞ்ச ஆள் இல்லை என்று பீற்றிக்கொண்டவனே நீதான். ஏன் அவள் பெயர் உன் வாயில் வரவில்லை என்று கேட்டால் உனக்கே தெரியாது. மறுநாளே, இனி ஆபரேஷன் வேண்டாம், வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நேற்றுச் சாப்பிட வந்தவள் சமையலறைக் குழாயில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள், முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் துண்டை நீட்டினேன். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அது என் எதிரிக்கும் வேண்டாம்.

திட்டினால் மனசு ஆறும் என்றால் உன்னைத் திட்டியிருப்பேன். உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். நேரத்துக்குத் தூங்கு. தங்கைக்கு மறக்காமல் போன் செய், எப்போது வேண்டுமானாலும் செய். முன்பு போல் பேச்சின் நடுவே வைத்துவிட்டு ஓடமாட்டாள், அவசரம் என்று அவளை இனி யாரும் கூப்பிடப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா