பிறந்த வீட்டுச் சீர்

அக்கா,

இன்று காலை ரவிக்கை ஒன்றுக்கு இஸ்திரி போடும்போது கவனம் பிசகி ஓரம் கருகிவிட்டது. துணி கருகிய நெடி மூக்கில் ஏறியதும், விவேக் நகரில் எங்கள் தையற்கடை எரிந்த நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது.

தொண்ணூற்றொன்றில், காவிரித் தண்ணீருக்காக ஊர் கொந்தளித்தபோது, கடையைக் கொளுத்தி, என் வீட்டுக்காரரின் வலது கையைக் கம்பியால் அடித்து முறித்தார்கள். போலீஸ் விசாரித்தபோது தெருவே ஒரே வாயாக, "யாரோ வெளியாளுங்க சார், முகம் தெரியல" என்றது. மாவுக்கட்டோடு இவரும் அதையேதான் சொன்னார். "போனது போகட்டும்க்கா. நாளைக்கும் நாங்க இங்கதானே பிழைக்கணும்?" என்றார் உங்களிடம்.

எதிர்வீட்டுக் கன்னடக்காரரான நீங்கள்தான் விடவில்லை. "போர்டு கன்னடத்துல இருக்கு. தமிழாள் கடைன்னு வெளியாளுக்கு எப்படிப்பா தெரியும்? காட்டிக்கொடுத்தவன் நம்ம தெருக்காரன். ஜன்னல்ல இருந்து நான் பார்த்தேன்" என்றீர்கள். யாரை என்று எங்களிடம் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு நானும் கூட வந்தேன். இன்ஸ்பெக்டர் பெயரைக் கேட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நன்ன தம்மன மக" என்றீர்கள். உங்கள் சொந்தத் தம்பியின் மகன்!

வழக்கு இழுத்து இழுத்து ஒன்றுமில்லாமல் போயிற்று. உங்களுக்குத் தம்பி வீட்டு உறவு போனதுதான் மிச்சம். கௌரிப் பண்டிகைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வராவிட்டால் உங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை. அடுத்த வருஷம் தெருக்கோடியில் இருந்த தம்பி வீட்டிலிருந்து ஒரு முழம் பூகூட வரவில்லை. கோணிப்போன கையால் இவர் ஒரு ரவிக்கை தைத்து, வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து, "நானும் தம்பிதானேக்கா" என்றார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். பிறகும் சாயங்காலம்வரை உங்கள் கண் தெருக்கோடியிலேயே இருந்தது.

நாங்களே கேட்காத நியாயத்துக்காக உறவை அறுத்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கேட்டே விட்டேன். "பார்த்ததைப் பார்க்கலேன்னு சொல்லிட்டு உன் முகத்துல எப்படிம்மா முழிக்கிறது?" என்றீர்கள்.

நாளை கௌரிப் பண்டிகை. வாங்கிக்கொள்ள நீங்கள் உயிரோடு இல்லை என்று தெரிந்தும் இவர் இந்த வருஷமும் தைத்திருக்கிறார். நான் கருக்கியது அதைத்தான். மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

ஓசூரில் என் தம்பிக்கும் ஒரு மகன் இருக்கிறான், அக்கா. தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். நாளை அவன் கையில் கம்பியைப் பார்த்தால் நான் ஸ்டேஷன் படி ஏறுவேனா? ஏறுவேன் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.