பன்னிரண்டு, பதினாலுக்கு எழுதுவது

என் பேர்க்காரியே,

இன்று காலை புதிதாக வந்த லைன் லீடர் என் லாக்கர் கதவில் இருந்த பச்சை டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். நம் பேருக்குப் பக்கத்தில் நீ ‘12’ என்று எழுதி ஒட்டிய டேப். “இந்தப் பேர்ல இப்ப நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க, இன்னாத்துக்கு நம்பரு?” என்றான். எனக்கு வந்ததே கோபம். கையை எடு என்று கத்திவிட்டேன்.

அவனுக்கென்ன தெரியும்? நான் சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். நீ சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒரகடம் விடுதியில் இருந்தவள். ஒரே லைனில் ஒரே பேர். சூப்பர்வைசர் கூப்பிட்டால் இருவரும் திரும்புவோம். நீ கேட்ட லீவு எனக்கு விழும், எனக்கு வர வேண்டிய திட்டு உனக்குப் போகும். கடைசியில் மற்றவர்கள் ஒல்லி, குண்டு என்று பிரிக்கத் தொடங்கினார்கள்.

நீ சும்மா விடுவாயா? கெமிஸ்ட்ரி படித்த திமிர் உனக்கு. கேன்டீனில் சுண்டல் போட்ட அன்று கொண்டைக்கடலையைப் புரோட்டான் என்றாய், பட்டாணியை நியூட்ரான் என்றாய். என் தட்டில் ஆறும் ஆறும் வைத்தாய். உன் தட்டில் ஆறு கடலை, எட்டுப் பட்டாணி.

“ஆறு புரோட்டான் இருந்தா அது கார்பன்தான்ட்டி, பேர யாரும் மாத்த முடியாது. நியூட்ரானயும் சேத்துக் கூட்டினா நிறை எண். ஒனக்குப் பன்னெண்டு, எனக்குப் பதினாலு. நான் குண்டு இல்ல, ரெண்டு நியூட்ரான் கூட, அவ்வளவுதான்.”

பேர் ஒன்று, நிறை வேறு, இதுதான் ஐசோடோப்பு என்றாய். அந்தச் சொல்லைப் பிளஸ் டூவோடு தலைமுழுகியவள் நான். ஆனாலும் விடவில்லை. பதினாலு சிதைந்துவிடும் என்று படித்தேனே என்று வம்புக்கு இழுத்தேன். பாதியாகவே ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை என்னைச் சகித்துக்கொள் என்று சொல்லிவிட்டு என் தட்டுச் சுண்டலையும் சேர்த்துத் தின்றாய். அன்றிலிருந்து லைன் முழுக்க நாம் பன்னெண்டும் பதினாலும்தான். ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தால் அம்மாகூட, “பதினாலு வந்துட்டா, கருவாட்ட எடு” என்பாள்.

மஞ்சள் காமாலை என்று ஊருக்குப் போனாய். பத்தியம் முடிந்ததும் வருகிறேன் என்றாய். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளை உனக்குச் சொல்ல வேண்டும். விடுதி வார்டன் லைன் குரூப்பில் செய்தி போட்டிருக்கிறார். நம் பேர், இறந்துவிட்டார், அவ்வளவுதான். எண் இல்லை. என் போனில் சார்ஜ் இல்லை, நான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறேன். நம் கம்பெனியிலேயே வேறு ஷிப்டில் வேலை செய்யும் எதிர்வீட்டுப் பெண் செய்தியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடியிருக்கிறாள்.

நான் இறங்கும்போது அம்மா நிறுத்தத்தில் தலைவிரிகோலமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து முகத்தைத் தடவினாள், அழுதாள், சிரித்தாள். “நீ இல்லடி. என் வயித்துல பால வார்த்த, நீ இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்னா ஆச்சு என்று கேட்டேன். எதிர்வீட்டுப் பெண் போனை நீட்டினாள். நம் பேரைப் படித்தேன். அம்மாவின் கை என் கன்னத்தில் அப்படியே நின்றது.

“அப்ப... நம்ம பதினாலா?” என்றாள்.

உன் சாவு எனக்கு என் அம்மாவின் சந்தோஷமாகத்தான் வந்து சேர்ந்தது. அதை நான் யாரிடம் சொல்லி அழுவது? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இப்போது சூப்பர்வைசர் கூப்பிட்டால் நான் மட்டும்தான் திரும்புகிறேன். ஒரு குழப்பமும் இல்லை, லீவு சரியாக விழுகிறது, திட்டும் சரியாக வருகிறது. பாழாய்ப்போன ஒழுங்கு. கேன்டீனில் சுண்டல் போட்டால் நான் வாங்குவதில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுப்பதை நிறுத்திவிட்டாள்.

வேறு ஐசோடோப்பு எதுவும் பேச்சில் இல்லாவிட்டால் வெறும் கார்பன் என்று சொன்னால் போதும், எண் வேண்டாம் என்று நீதான் சொன்னாய். லைன் லீடரும் அதைத்தான் சொன்னான். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த நியாயம் வேண்டாம்.

அவன் பிய்த்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். பக்கத்து லாக்கரில் புதிதாகச் சேர்ந்த பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். “உங்கள ஏன்க்கா பன்னெண்டுன்னு கூப்புடுறாங்க?” என்று கேட்டாள்.

“பதினாலுன்னு ஒருத்தி இருக்கா” என்றேன்.