பாக் சாலேயின் மருந்தடிக்காத வயல்

டிசம்பர் 5, 1978. செவ்வாய்

விடியும்போதே மழை. விளக்குப் பொறியின் தட்டில் பாதி தண்ணீர். பூச்சிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வடிதாளில் காயவைத்தேன். மஞ்சள் துளைப்பான் 4. கைலோ 37. மற்றவை எண்ணவில்லை.

போன பருவத்திலேயே எங்கள் விவசாய இலாகா அதிகாரி தேவராஜ் சாரிடம் சொன்னேன், இங்கே நெல்தண்டைக் குடைவது மஞ்சள் துளைப்பான் இல்லை, கைலோ இனம் என்று. நம்பவில்லை. புழுவைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் நம்பினார். கறுப்புத் தலை, முதுகில் ஐந்து கோடு, ஒரே தண்டுக்குள் ஆறேழு. மஞ்சள் துளைப்பான் தண்டுக்கு ஒன்றுதான் இருக்கும். பூச்சியாகிவிட்டால் கைலோ பார்க்க ஒன்றுமே இல்லை. வைக்கோல் நிறம், நீட்டிய மூக்கு. சிறகைச் சுருட்டிக்கொண்டு நெல்தாளில் உட்கார்ந்தால் காய்ந்த புல் துண்டு. செமோர் பக்கம் தோட்டத்தில் லாலாங் புல்லை உதைத்துக்கொண்டு நடப்போம், அப்போது பறக்குமே, அந்தச் சாதி.

சார் சொன்னது: "அறிக்கையில உங்க பேரையும் போடுவேன், மேகலா." ஆறு வருட வேலையில் முதல் தடவை.

மத்தியானம் மலாய்க்காரப் பெரியவர் பாக் சாலேயின் வயல். ஒரு பருவத்தில் கைலோ எத்தனை தலைமுறை எடுக்கிறது என்று பார்க்க ஒரு வயலாவது மருந்தில்லாமல் வேண்டும். ஆகஸ்டில் நான்தான் அவரிடம் போய்க் கேட்டேன். விளைச்சல் குறைந்தால் அலுவலகமே அந்த அளவு நெல் கொடுக்கும் என்று சார் சொல்ல, டைப்பிஸ்ட் சரோஜா கடிதம் அடித்தாள், சார் கையெழுத்து போட்டார். ஒரே பிரதி, கோப்பில். பாக் சாலே தாள் கேட்கவில்லை. "நீ சொல்றே, போதும்" என்று மலாயில் சொல்லிவிட்டு வாய்க்கால் மடையைத் திறக்கப் போய்விட்டார்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், விளக்குத் திரி, சரோஜாவுக்கு ஊறுகாய்.

டிசம்பர் 14. வியாழன்

மழை விட்டு நல்ல வெயில். பாக் சாலே வயலில் வெண்கதிர். நேற்று அங்கொன்று இங்கொன்று. இன்று நரைத்த தலை மாதிரி. கதிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது, உள்ளே பால் இல்லை, வெறும் உமி.

மருந்தடித்த பக்கத்து வயல்களிலும் இருக்கிறது. அதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

சரோஜா ராத்திரி சோறு சாப்பிடவில்லை. வாந்தி. மூன்று மாதம் என்று இன்றைக்குத்தான் சொன்னாள். புருஷன் ஈப்போவில் லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறார். "மாத்தல் கேட்டு மூணு தடவ எழுதிட்டேன்க்கா. ஒரு பதிலும் இல்ல." இந்த வாடகை அறையில் நாங்கள் இரண்டு வருடமாக ஒன்றாக இருக்கிறோம். ரசம் வைத்துக் கொடுத்தேன். குடித்தாள்.

டிசம்பர் 28. வியாழன்

இன்று எழுத்து கோணல்.

காலையில் பக்கத்து வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரப்பில் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் பாக் மாட். பாக் சாலேயின் சம்பந்தி. கோபம். மருந்தடித்தும் எங்கள் கதிர் ஏன் வெளுத்தது என்று கேட்டார்கள். சார் ஜீப்பை விட்டு இறங்கினார், பாக் சாலே வயலைக் கையால் காட்டினார். இந்த ஆள் மருந்தடிக்க மறுத்துவிட்டார், பூச்சியெல்லாம் இங்கிருந்துதான் பறந்தது என்று மலாயில் சொன்னார். நிதானமாக. வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி.

பாக் சாலே சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன்: ஒன்றும் சொல்லவில்லை.

ஜீப்பில் கேட்டேன். "சார், நாமதானே அடிக்க வேணாம்னு சொன்னோம்?"

"மேலிடத்துக்கு இப்ப அதெல்லாம் சொல்ல முடியாதுலா, மேகலா. மருந்து அடிச்ச நாள் யாரு குறிச்சது? நான். அது பிந்திப் போச்சுன்னு ஆனா என் கதை முடிஞ்சது. ஒரு பருவம்தானே, அவரு சமாளிச்சுக்குவாரு."

அலுவலகம் இருக்கிற பாரிட் புந்தார் வரும்வரை ரேடியோவில் பாட்டு. அவர் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

ஜனவரி 2, 1979. செவ்வாய்

கோப்பைப் பார்த்தேன். கடிதம் இல்லை. துளையிட்ட இடத்தில் காகிதக் கிழிசல் மட்டும் கம்பியில்.

சரோஜாவிடம் கேட்டேன். "வேற கோப்புல போயிருக்கும்க்கா. தேடிப் பாக்கிறேன்." டைப்ரைட்டரை விட்டுத் தலை நிமிரவில்லை.

பரவாயில்லை. என் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் பூச்சிக் கணக்கு, புழுவின் வயது, வயலின் நிலை. பாக் சாலே வயலுக்கு நேரே "மருந்து இல்லை, அதிகாரி உத்தரவு" என்று ஆகஸ்ட் முதல் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் சார் கையெழுத்து வைத்திருக்கிறார், படிக்காமலே. அதை சரோஜாவிடம் சொன்னபோதுதான் எனக்கே நெஞ்சு லேசானது.

பாக் சாலே சிறு பள்ளிவாசலான சூராவுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். தொழுகைக்கு வரிசையில் நின்றால் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. காப்பிக் கடைக்காரர் சொன்னார்.

ஜனவரி 12. வெள்ளி

பொங்கலுக்கு ஈப்போ, புந்தோங் போகிறேன், அம்மாவிடம். நாளை அரை நாள் முடிந்ததும் பஸ். பதிவேட்டை எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். பஸ்ஸில் மழையில் நனையும். அலுவலகத்தில் வைக்க மனசில்லை. சரோஜாவிடம் கொடுத்தேன். அவள் தன் பெட்டியில் புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"நிம்மதியா போய்ட்டு வாங்கக்கா."

புழு வளர்க்கிற கண்ணாடி ஜாடிகளுக்கு அவள் தண்ணீர் தெளிப்பாள். எழுதிக் கொடுத்துவிட்டேன்: 3, 5, 8 மட்டும். 6இல் கூட்டுப்புழு, தொட வேண்டாம்.

ஜனவரி 15. திங்கள்

அம்மா கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சரோஜாவுக்கு வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்தே இருந்தது.

"பதிவேடு எங்க, சரோ?"

"சார் கேட்டாரு."

"உங்கிட்ட இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பெட்டிக்குள் கிடந்த புடவையை மடித்தாள். அப்புறம் சொன்னாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு. "மாத்தல் உத்தரவு வந்திருச்சுக்கா. பிப்ரவரி ஒண்ணாந்தேதி ஈப்போ. நான் என்ன செய்யட்டும்? புள்ளைய இங்க தனியா பெத்துக்கிறதா?"

"கடுதாசிய எடுத்ததும் நீதானா?"

"அக்கா, அது வெறும் தாளு."

பொங்கல் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குளிக்கப் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் சார் மேல் இல்லை. அவர் ஜீப்பிலேயே முகத்தைக் காட்டிவிட்டார். இவள் சாவியை இடுப்பில் சொருகிக் காட்டினாளே.

3, 5, 8இல் தண்ணீர் சரியாகத் தெளித்திருக்கிறாள். 6ஐத் தொடவில்லை.

ஜனவரி 17. புதன்

மூடாப்பு. மழை இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று விடுப்பு சொல்லிவிட்டு சைக்கிளில் போனேன்.

முதலில் பாக் சாலே வீடு. படியில் நின்றே சொன்னேன், கடிதம் போய்விட்டது, பதிவேடும் போய்விட்டது, என்னிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. அன்று வரப்பில் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு மன்னிப்பு கேட்டேன். அவர் கேட்டது இதுதான்: "மேலே அனுப்பும் அறிக்கையில் உங்கள் சார் என்னை என்னவென்று எழுதியிருக்கிறார்?"

சரோஜா அடித்த நகலை நேற்று மேசையில் பார்த்திருந்தேன். பொய் சொல்ல முடியவில்லை. "அலட்சியமான விவசாயி."

அவர் அந்த மலாய்ச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். சுவாய். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துக்கொண்டார்.

பிறகு பாக் சாலேயோடு பாக் மாட்டின் வயல். அறுவடைக்கு நின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் வயலில் பத்துத் தண்டு, பாக் சாலே வயலில் பத்துத் தண்டு, நீங்களே அறுத்து வாருங்கள் என்று சொன்னேன். பாக் மாட் முதலில் காது கொடுக்கவில்லை. அவருடைய மகன் போய் அறுத்து வந்தான். பாயை விரித்து எல்லார் முன்னாலும் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன்.

பாக் மாட்டின் தண்டுகளில் பூச்சி வெளியேறிய ஓட்டைகள், உள்ளே காலிக் கூடுகள். கறுத்து, தொட்டால் பொடியாகிற அளவு பழசு. பாக் சாலேயின் தண்டுகளில் இன்னும் புழு. சிலதில் கூட்டுப்புழு, ஈரம் காயாத பழுப்பு.

முட்டை பூச்சியாக ஏறக்குறைய ஒன்றரை மாதம் என்று சொன்னேன். உங்கள் வயலில் பூச்சி வந்து போய்விட்டது. இவர் வயலில் இன்னும் வரவே இல்லை. பறந்தது எங்கிருந்து எங்கே என்று நீங்களே பாருங்கள். நீங்கள் மருந்தடித்த நாளில் புழு தண்டுக்குள் போய்விட்டது, மருந்து எட்டியிருக்காது. அடிக்க வேண்டாம் என்று பாக் சாலேயிடம் சொன்னது நான். அலுவலகத்தின் பேரில், நான்.

பாக் மாட் ஒரு காலிக் கூட்டை விரலில் எடுத்து ஊதினார். பிறகு எழுந்து வரப்பில் பாக் சாலே நின்ற இடத்துக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் சைக்கிள் மிதிக்கத் தெம்பில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 22. திங்கள்

விளக்கம் கேட்டுக் கடிதம். குற்றங்கள்: 1. பொய் சொல்லி விடுப்பு. 2. அனுமதியின்றி விவசாயிகளைக் கூட்டியது. 3. மேலதிகாரிக்கு எதிராகப் பேசியது. அடித்தது சரோஜா. அவள் எழுத்துப் பிழை எனக்குத் தெரியும்.

அறையில் ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. அரிசி தனித்தனியாக. அவளுக்கு இன்றும் வாந்தி. எழுந்து முதுகைத் தடவலாமா என்று தோன்றியது. படுத்தே இருந்தேன்.

ஜனவரி 31. புதன்

லாரியில் அவள் சாமான் ஏறியது. கட்டில், பெட்டி, தையல் மெஷின். புருஷன் என்னைப் பார்த்து, "இத்தன நாளு பாத்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றிக்கா" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. தலையாட்டினேன்.

6ஆம் கண்ணாடியில் இரண்டு பூச்சி செத்துக் கிடந்தன. எப்போது வெளியே வந்தன என்று கவனிக்கவில்லை. குறிக்க ஏடும் இல்லை.

பிப்ரவரி 20. செவ்வாய்

ஈப்போ. விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் சாரின் அறிக்கை. முகப்பில் நான் வரைந்த படம், கருந்தலைப் புழு. உள்ளே, கண்டுபிடித்தவர் என்று சாரின் பெயர். என் பெயர் எங்கும் இல்லை.

பாக் சாலே, பாக் மாட், இன்னும் இரண்டு பேர். முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள், யாரும் கூப்பிடாமலே. கூடத்து பெஞ்சில் சொங்கோக் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை உள்ளே விடவில்லை. அலுவலக விவகாரமாம்.

சரோஜாவை அழைத்தார்கள். வயிறு தெரிகிறது. நாற்காலி போட்டார்கள்.

வயலுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று கடிதம் ஏதாவது அடித்தீர்களா?

"ஞாபகம் இல்ல."

பதிவேடு ஒன்று உங்களிடம் கொடுக்கப்பட்டதா?

என்னை ஒரு தடவை பார்த்தாள். "இல்ல சார்."

இதற்காவது ஞாபகம் இல்லை என்றே சொல்லியிருக்கலாம்.

தீர்ப்பு: எழுத்து மூலம் எச்சரிக்கை. புழு வளர்ப்பிலிருந்து எடுத்து விதைக் கிடங்குக்கு. சாருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த "அலட்சியமான விவசாயி" வரியை அடித்துவிட ஒத்துக்கொண்டார்கள். நான் கேட்டது அது ஒன்றுதான். நடுவில் இருந்த பெரியவர் பேனாவை எடுத்து என் கண் முன்னாலேயே கோடு போட்டார். பாக் சாலேயிடம் வெளியே வந்து சொன்னேன். கோடு எவ்வளவு தடிப்பு என்று கேட்டார். படிக்க முடியாத அளவு என்றேன். நால்வரும் சாப்பிடப் போனார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். அப்புறம் வருகிறேன் என்றேன்.

மாடிப்படிக் கீழே சரோஜா காத்திருந்தாள். கையில் பை, உள்ளே மாங்காய்.

"அக்கா, நாங்க இப்ப புந்தோங்லதான். உங்கம்மா வீட்டுலேர்ந்து மூணாவது சந்து. வளகாப்புக்கு நீங்க வரணும். எனக்கு வேற யாரு இருக்கா?"

நிஜமாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. என்றைக்கு என்று கேட்டேன். சொன்னாள். அந்தத் தேதியில் வேலை இருக்கிறது என்றேன்.

"என்னக்கா வேல?"

"ஒண்ணும் இல்ல, சரோ. வரமாட்டேன்."