பதினொரு விநாடி பாக்கி

ஸெனிட்சா, ஞாயிறு

அன்புள்ள அஸெமினா,

இங்கே இன்னும் பனி விடவில்லை. முழங்கால் வலி பரவாயில்லை.

நேற்று என் கடைசி ஆட்டம். நாற்பது வருடக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலை அதோடு சரி. இருபத்திரண்டு புள்ளி பின்னால் இருந்தோம், பதினொரு விநாடிதான் பாக்கி. எப்போதும் ஒரு டைம் அவுட்டை மிச்சம் வைப்பேன் என்று கேலி செய்வாயே, அதைக் கேட்டேன், ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி.

நடுவர் பக்கத்தில் வந்து, "எதுக்கு கோச்? ஜனங்க வீட்டுக்குப் போகணும்" என்றான்.

"எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. குடு."

பையன்கள் சூழ்ந்து நின்றார்கள். ஆட்டத் திட்டம் வரையும் பலகையை எடுத்தேன், வரைய ஒன்றும் இல்லை. "தண்ணி குடிங்கடா" என்றேன்.

"இதுக்கா கூப்பிட்டே, கிழவா?" என்று சிரித்த கேப்டன் நெர்மின், என் கையை நடுவில் இழுத்து வைத்தான். அதன்மேல் பன்னிரண்டு கைகள் விழுந்தன. போரின்போது நீ மகளோடு சுவீடனுக்குப் பஸ் ஏறிய பிறகு, என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். 'எப்போது வருகிறாய்?' என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கிறாய். 'இந்த சீசன் முடியட்டும்' என்றே நானும் பதில் எழுதினேன். நீ கடைசியாகக் கேட்டு எட்டு வருடம் ஆகிறது.

சீசன் முடிந்துவிட்டது. இன்னொரு முறை கேட்பாயா?

இன்னும் உன் கணவன்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவன்