மாப்பிள்ளை முன்னால்

மண்டகப்பட்டு
9-10-1959

பூனா பட்டாளத்தில் இருக்கும் அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் அம்சா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் பாப்பாவும் சௌக்கியம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிதான். உங்கள் அம்மாவைப் பற்றி ஊரார் யாராவது ஒன்றுக்கு இரண்டாக எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அத்தை மாட்டுக் கொட்டகையில் சாணியில் வழுக்கி விழுந்தார்கள். கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் நான் அல்லாடுகிற நேரம் பார்த்துத்தான் விழ வேண்டுமா? காலைத் தொட்டாலே கத்தல். வண்டி கட்டிக்கொண்டு போய் விழுப்புரத்தில் மாசிலாமணி டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கூடவே கிடந்தது நான்தான், உங்கள் தங்கை கோவிந்தம்மாள் இல்லை.

அந்த டாக்டர் தினம் காலையில் வந்து வயதானவர்களை எல்லாம் ஒரே மாதிரி சோதிப்பார். படுக்கையில் புரளச் சொல்வார், உட்காரச் சொல்வார், பிறகு காலைத் தொங்கப் போட்டு எழுந்து நிற்கச் சொல்வார். அத்தை உட்காருவதோடு சரி. "நிக்க முடியலீங்க" என்று ஒரே அழுகை. நிற்கவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கும், பாண்டிச்சேரிக்கு அனுப்பி எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நின்றுவிட்டால் வெறும் சதைப்பிடிப்பு, வீட்டுக்குப் போகலாமாம். பாண்டிச்சேரியிலும் நான்தானே போய்க் கிடக்க வேண்டும்? இங்கே மல்லாட்டையைக் காட்டுப்பன்றி தின்னும்.

நடிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. முதல் பிள்ளையைச் சுமந்தபோது இடுப்பு வலிக்கிறது என்று நான் படுத்தேன். "நடிக்கிறா" என்று பாயிலிருந்து எழுப்பி நாற்று நட அனுப்பினார்கள் உங்கள் அம்மா. அந்தப் பிள்ளை நமக்குத் தங்கவில்லை. நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. உங்களுக்குத் தெரியாததா? கோவிந்தம்மாள் புருஷன் பாண்டுரங்கன் அண்ணன் வந்தால் அத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா? காய்ச்சலில் கிடந்தாலும் மாப்பிள்ளை தலை தெரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பி அண்ணனை வரவழைத்து, டாக்டர் வருகிற நேரத்தில் வார்டுக்குள் கூட்டிப் போனேன்.

நின்றார்கள், மாமா! கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றார்கள். முகமெல்லாம் வேர்வை. "வாங்க மாப்ளே, பொண்ணு நல்லா கீதுங்களா?" என்று விசாரித்தார்கள். அண்ணன் போகும் வரை உட்காரவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார். "கிழவி என்னையே ஏமாத்திட்டாளே! வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க" என்றார். நர்ஸ் லூர்துமேரி மட்டும் என்னிடம், "பல்லைக் கடிச்சிக்கினு நின்னாங்கம்மா, டாக்டரை இன்னொரு தரம் பாக்கச் சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை பாயை விட்டு அசையவில்லை. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. அதையும் வேண்டுமென்றே திருப்பி வைத்துக்கொள்வதாகத்தான் நினைத்தேன். நடுவீட்டில் அள்ளிக் கொட்ட என்னால் ஆகாது என்று பாயைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். கேப்பைக்கூழ் வேளைக்குப் போகிறது. பக்கத்து வீட்டு முனியம்மாள், "பாவம்டி, உள்ளே போடு" என்கிறாள். என்னை யார் பாவம் பார்த்தார்கள்?

நேற்று அண்ணனை மறுபடி வரச் சொன்னேன். கொட்டகை வாசலில் வந்து நின்றார். அத்தை கையை ஊன்றினார்கள், இன்னொரு தரம் ஊன்றினார்கள். இடுப்பு கிளம்பவில்லை. படுத்தபடியே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அண்ணன் வீட்டுக்குள் வராமல் அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாமா, லீவு கேட்டு ஒரு தரம் வந்து போங்கள். அதற்கு முன்னால் உங்கள் அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள், எழுந்து நிற்கச் சொல்லி. நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். நீங்கள் சொன்னால் நிற்பார்கள். நிற்பார்கள்தானே?

உங்கள் கை கால் சுகத்துக்காக மயிலம் முருகனை வேண்டிக்கொண்டிருக்கும்,
அம்சா