அப்பா பேசி வைத்த மறுவீடு

செப். 3, புதன்

காற்று நின்றுவிட்டது. சரியான வெயில். மத்தியானம் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நான்கு அறை, எனக்கும் அம்மாவுக்கும் கல்யாணப் பெண் காந்தி அக்காவுக்கும் ஒன்று.

முகப்பில் பளிங்கு. ரோஜா மணக்கும் ஈரத்துண்டு. வரவேற்புப் பெண் என்னிடம் ஆங்கிலத்தில், அம்மாவிடம் தமிழில்.

இந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்பாவின் ஸ்கூட்டர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரே பேச்சு. "காந்தி கல்யாணத்துக்கு மறுவீடு இங்கதான். அன்னைக்கு நானும் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுவேன். கரண்டியைத் தொட மாட்டேன்." நான் நடுவில், காந்தி அக்கா பின்னால். பச்சை வலை போர்த்திய மாடிகள். ஹோட்டல் திறக்குமுன் அப்பா தவறிவிட்டார்.

அதனால்தான் அம்மாவின் பிடிவாதம். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் போடும் மறுவீட்டு விருந்து இங்கேதான். தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிதான் அதில் பிரதானம். எங்கள் பக்கத்தில் தாலிக்கு அடுத்தபடி அதுதான்.

அறை:
– 'ஆறு தெரியும் அறை' என்று பேர். ஜன்னலில் நகைக்கடை விளம்பரத்தின் முதுகு. கழுத்தைச் சாய்த்தால் ஒரு முழம் ஆறு.
– நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
– குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர். அம்மா அரண்டுவிட்டாள். "ஏட்டி, குளிக்கதைக் கண்காட்சியாவா வச்சிருக்கான்?" பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினாள்.
– படுக்கையில் அன்னமாக மடித்த துண்டு. கலைக்க மனமில்லாமல் எங்கள் துண்டிலேயே துவட்டிக்கொண்டோம்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜம் அத்தை. பிறந்தது களக்காடு, கல்யாணம் ஆனதிலிருந்து மும்பை. லிஃப்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மயினி, நகைநட்டு பாக்க நான் வரலை. சொதிக்குத்தான் வந்திருக்கேன். உங்க வீட்டுச் சொதி பேர்போனதுல்லா!"

அம்மா சிரித்தாள். லிஃப்ட் நடுவில் நின்று, யோசித்து, மறுபடி ஏறியது.

பேர்போனது அப்பாவின் சொதி. தொலைபேசி நிலையத்தில் அம்மாவுக்கு ஞாயிறு ஷிப்ட். தேங்காய் உடைக்கும் சத்தத்தில்தான் நானும் அக்காவும் விழிப்போம். அப்பா வெற்று மார்போடு, தோளில் ஈரிழைத் துண்டு. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போது இலை போட்டிருக்கும். அவளுக்கு ருசி தெரியும், பக்குவம் தெரியாது. கேட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் தீர்ந்துபோகும் என்று யார் நினைத்தது.

செப். 4, வியாழன்

கல்யாணம். நல்லபடி. ஓமப்புகை, கால்வலி. அக்கா மணவறையில் தூங்கி வழிந்தாள். யாரோ ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "அடுத்தது இவதான், என்ன?" சந்தனத்தை நீட்டினேன்.

சாயங்காலம் அம்மா ஹோட்டலின் விருந்து மேலாளரிடம்:

"தம்பி, எது எப்பிடிப் போனாலும் சொதி சூடு மட்டும் ஆறப்படாது. கடைசி ஆள் சாப்பிடுத வரைக்கும் கொதிக்கக் கொதிக்க இருக்கணும்."

"கண்டிப்பா மேடம்."

திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சமையலில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; புறநானூற்றுக்கு உரை எழுதச் சொன்னால் எழுதுவேன்.

செப். 5, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

இலை இல்லை. வரிசையில் நின்று தட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கு அடியிலும் சின்னத் தீ. 'நெல்லை ஸ்பெஷல்' என்று அட்டை. மாப்பிள்ளையின் மாமா மூடியைத் தூக்கினார்.

"என்னவே இது? பன்னீரா?"

தேங்காய்ப்பால் திரிந்து கட்டி கட்டியாக. அடியில் பச்சைத் தண்ணீர். அதில் ஒரு முருங்கைக்காய்.

சிரிப்பு ஒன்று எழுந்து பாதியில் நின்றது. அம்மா தட்டைக் கீழே வைத்தாள். மேலாளர் ஓடி வந்தார். "எலுமிச்சை பிழிஞ்சப்புறம் சூடு பண்ணா திரியத்தான் செய்யும் மேடம். எங்க ஆள் அப்பவே சொன்னாரு. நீங்கதான் சூடு ஆறக் கூடாதுன்னு..."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. எத்தனை ஞாயிறு சாப்பிட்டிருக்கிறோம்! ஒருநாள்கூட அது கொதிக்கக் கொதிக்க வந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இளஞ்சூடு. இலையில் ஊற்றியதும் விரல் வைக்கலாம்.

ராஜம் அத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அப்பளம்தான் அம்மாவைச் சுட்டிருக்க வேண்டும்.

"மயினி," என்றாள் அம்மா. குரல் தொலைபேசி நிலையத்துக் குரல். "இது மறுவீடு இல்லே. நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுல. எல்லாரும் வந்திரணும்."

"எதுக்கு மயினி சிரமம்? நாளைக்குச் சாயந்தரம் ரயிலு..."

"ரயிலு சாயந்தரம்தான?"

அறைக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். அன்னம் சரிந்து விழுந்தது. "ஏட்டி, ரோசத்துல வாய விட்டுட்டேன். எனக்குத் தேங்காய்ப்பால் எடுக்கக்கூட ஒழுங்காத் தெரியாதே."

சமையல்காரரை வைப்போம் என்றேன். முறைத்தாள்.

செப். 6, சனி

வீடு. பாளையங்கோட்டை. விடியலிலேயே வந்துவிட்டோம். கூடம் முழுக்கத் தாம்பூலப் பைகள், வாடிய மாலை.

அத்தை முதல் ஆளாக வந்தாள். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லித்தந்தா..." என்று நான் இழுத்தேன்.

"நல்லாருக்கே! பொண்ணு வீட்டுச் சொதிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரி பக்குவம் சொல்லுததா? நான் விருந்தாளி. வாயே திறக்க மாட்டேன்."

திறக்கவில்லை. இருமினாள்.

அம்மா கெட்டியான முதல் பாலில் காய்களைப் போடப் போனாள். இருமல். தண்ணீராக இருந்த மூன்றாம் பாலுக்குக் கை மாறியது. இருமல் நின்றது. பாசிப்பருப்பு, உருளை, முருங்கை. இஞ்சியும் மிளகாயும் அரைத்த விழுது. கடைசியில் முதல் பாலை ஊற்றிவிட்டு அம்மா நின்றுகொண்டே இருந்தாள். இருமல் பலத்தது.

"என்ன மயினி, இப்பிடி இருமுதிய? தண்ணி வேணுமா?"

"வேண்டாம். அடுப்பை அணைச்சா நின்னுரும்."

மாப்பிள்ளை அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்கா புதுத்தாலி மஞ்சள் கழுத்தோடு உள்ளே வந்தாள். "அப்பா இறக்கி வச்சுட்டு, போய்க் குளிச்சிட்டு வந்துதான் எலுமிச்சை பிழிவாரும்மா." அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அம்மா சொதியைப் பைய இறக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நாங்கள் எல்லாரும் பசியோடு காத்திருந்தோம். உள்ளே வாளி நிறையும் சத்தம்.

கூடத்தில் தரையில் பந்தி. இஞ்சித் துவையல் கொஞ்சம் கசப்பு. உருளைக்கிழங்கு ஒரு பக்கம் தீய்ந்தது. சொதி வெள்ளையாக, முழுசாக இருந்தது.

அத்தை ஒரு வாய். கண்ணை மூடினாள். "உப்பு ஒரு கல்லு கூட."

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது.

"ஊத்துங்க மயினி. கேட்டா தாறதில்லையா உங்க வீட்டுல?"

பிறகு மின்விசிறி, உறிஞ்சும் சத்தம்.

இருட்டும் நேரத்தில் ரயில். அக்கா அழுதாள், நான் அழுதேன். அம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீர்க் குப்பி கொடுத்தாள். இப்போது வீட்டில் நாங்கள் இருவர். பாத்திரம் தேய்த்தபடி, திரும்பாமல், "அவளுக்குப் பிடிச்சுதாட்டி?"

"அதான் அத்தை கேட்டுக் கேட்டு வாங்கினாங்களே."

"அவுகளைக் கேக்கலை. காந்திக்கு."

"ஒண்ணும் சொல்லலையேம்மா. ரெண்டு தடவை வாங்கினா."

"மூணு," என்றாள் அம்மா.