மூடிவைத்த போர்வெல்

அன்புள்ள அப்பாவுக்கு,

கிணறுகளின் உப்பளவைக் கொடுத்தால், அந்த உப்பு எங்கிருந்து பரவுகிறது என்று காட்டும் புரோகிராம் எழுதுவதுதான் ஜியாலஜி வகுப்பில் இந்த மாத வேலை. நம் ஊர்க் கிணறுகளை நானே ஆசையாகக் கேட்டு வாங்கினேன்.

புரோகிராம் நம் சாயப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் போர்வெல்லைக் காட்டுகிறது. "அது வத்திப்போச்சு கண்ணு, அந்தப் பக்கம் போகாத" என்பீர்களே, அதே போர்வெல்.

தப்பு என்னுடையதுதான் என்று நான்கு முறை புரோகிராமைத் திருத்தினேன். நம் வீட்டுக் கிணற்றையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டும் ஓட்டினேன். அங்கேயே வந்து நிற்கிறது.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் ஓட்டிக்காட்ட வேண்டும்.

பட்டறையிலிருந்து அதற்குள் இறங்கும் குழாயைப் பற்றி நான் கேட்கவில்லை. போனில் பேசினால் உங்கள் குரலிலேயே தெரிந்துவிடும்; அதனால்தான் கடிதம். புரோகிராம்தான் தப்பு என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

நம்பிவிடுகிறேன்.

உங்கள் மகள்